வளைய மூலக்கூறின் அதிர்வுக் கணக்கு: கார்ட்டீசியனா, அக ஆயங்களா?

மூன்று கார்பன் வளையமான சைக்ளோபுரொப்பேனின் அதிர்வுகளை முதலில் கார்ட்டீசியன் ஆயங்களில்தான், அதாவது ஒவ்வோர் அணுவின் x, y, z இடங்களில்தான், கணக்கிட்டேன். இப்போது அதே வேலையை வில்சனின் ஜிஎஃப் முறையில் செய்கிறேன் (ஜி அணியில் நிறைகளும் வடிவமும், எஃப் அணியில் விசை மாறிலிகளும்). அதாவது, பிணைப்பு நீளம், பிணைப்புக் கோணம் போன்ற அக ஆயங்களில். பழைய வழிக்குத் திரும்பும் எண்ணம் இல்லை.

துல்லியத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. மூலக்கூறு ஆற்றல் சிறுமத்தில் இருக்கும்போது, ஒரே விசைப்புலத்தை (விசை மாறிலிகளின் தொகுப்பை) கொடுத்தால் இரண்டிலும் ஒரே அதிர்வெண்கள்தான் வரும்.

கார்ட்டீசியன் வழியில் நாம் தேர்ந்தெடுக்க எதுவுமில்லை. 9 அணுக்கள், ஆகவே விசை மாறிலிகளுக்கு 27-க்கு 27 அணி. நிறைகளைச் சேர்த்து ஐகன் மதிப்புகளை (அதிர்வெண்களைத் தரும் எண்களை) எடுத்தால், மூலக்கூறு முழுதாக நகர்வதற்கும் சுழல்வதற்கும் உரிய ஆறு பூச்சியத்தை ஒட்டி வரும். மீதி 21 அதிர்வுகள். அந்த ஆறும் பூச்சியத்தை விட்டு விலகி நின்றால் எங்கோ பிழை என்று உடனே தெரிந்துவிடும். அதிர்வெண் மட்டும் வேண்டும் என்பவருக்கு இதுவே போதும்.

எனக்கு அது போதாமல் போனது, எல்லா ஹைட்ரஜனுக்கும் பதில் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏறிய சைக்ளோபுரொப்பேனில்.

முதலில் சாதாரண மூலக்கூறையே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கார்பனையும் அதன் இரு ஹைட்ரஜன்களோடு சேர்த்து 14 நிறையுள்ள ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று புள்ளிகள், மூன்று சுருள்வில்கள்; விசை மாறிலி ஆங்ஸ்ட்ராமுக்கு 4 மில்லிடைன். ஜி அணியின் மூலைவிட்டத்தில் 2/14 வரும். ஒரு கார்பனைப் பகிரும் இரு பிணைப்புகளுக்கு இடையே, 60 பாகையின் கொசைன் காரணமாக 0.5/14 வரும். இரு பிணைப்புகளின் நீட்சிகளையும் இணைப்பது இந்தச் சிறு எண்தான். மூன்று பிணைப்புகளும் ஒன்றாக நீண்டால் மொத்தம் 3/14, வளையம் கோணிக்கொண்டால் 1.5/14. விடை 1206, 853 செ.மீ⁻¹. அளந்த மதிப்புகள் ஏறக்குறைய 1188, 866. இவ்வளவு எளிய கணக்குக்கு இது நல்ல நெருக்கம்.

சரி, டியூட்டீரியத்துக்கு நிறையை 16 ஆக்கினால் வளையம் விரிந்து சுருங்கும் அதிர்வு 1128-இல் வர வேண்டும். ஆனால் நிறமாலையில் அங்கே அது இல்லை. அதற்குப் பதில் சுமார் 956-இலும் 1274-இலும் இரண்டு கோடுகள் நிற்கின்றன. சாதாரண மூலக்கூறில் 1500-ஐ ஒட்டியிருந்த கத்தரி அசைவு (ஒரே கார்பனின் இரு ஹைட்ரஜன்கள் கத்தரி போல் விரிந்து மூடுவது), கன டியூட்டீரியத்தால் கீழே இறங்கி, வளைய அதிர்வின் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே சமச்சீர். ஆகவே இரண்டும் கலந்து, ஒன்றையொன்று மேலும் கீழும் தள்ளிவிடுகின்றன.

கார்ட்டீசியன் விடையில் இதைப் பார்க்க முயன்றேன். திரையில் அம்புக்குறிகள்தான் தெரிந்தன. இலேசான அணு பொதுவாக அதிகம் நகரும், அதனால் அம்பு நீளமாக இருக்கும் இடத்தில்தான் ஆற்றலும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும், எந்தக் கோடு வளையத்துடையது என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை. அக ஆயங்களில் நிலையாற்றல் பங்கீட்டை (ஓர் அதிர்வின் ஆற்றலில் எந்த ஆயத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை) எடுத்ததும், இரு கோடுகளிலும் இரண்டு அசைவுக்கும் கணிசமான பங்கு இருப்பது எண்ணாகவே வந்தது. நான் கட்சி மாறியது இதற்காகத்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. குவாண்டம் கணக்கில் கிடைக்கும் விசை மாறிலிகள் வழக்கமாகச் சற்றுக் கூடுதலாக இருக்கும். கார்ட்டீசியனில் எல்லா அதிர்வெண்களையும் ஒரே எண்ணால் பெருக்குவதுதான் வழக்கம். அதனால் கலப்பு மாறாது. அக ஆயங்களில் நீட்சிக்கு ஓர் எண், வளைவுக்கு ஓர் எண் என்று தனித்தனியே திருத்தலாம். கலப்பும் கூடவே திருந்தும்.

அப்புறம், வளையத்துக்கே உரிய ஒரு தொல்லை: மிகை ஆயங்கள், அதாவது தேவைக்கு அதிகமானவை. முக்கோணத்தில் மூன்று நீளங்கள் தெரிந்தால் கோணங்கள் தாமாக முடிவாகிவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஆறு ஆயங்கள், தேவையோ மூன்று. பென்சீன் வளையத்தில் நீளம், கோணம், முறுக்கு என 18; தேவை 12. அதிர்வெண்ணுக்கு இதனால் கேடில்லை, கூடுதல் பூச்சியங்கள் வரும், அவ்வளவுதான். ஆனால் பங்கீட்டை இது குழப்பிவிடும். முக்கோணத்தில் வளையக் கோணங்களை விட்டுவிடுங்கள். பென்சீனில் சமச்சீர் ஆயங்களை (சமச்சீருக்கு ஏற்ப அக ஆயங்களைச் சேர்த்தவை) அமைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒரு நாள் பிடிக்கும்.

நான் சொல்வதெல்லாம் மூன்றணு வளையங்களையும் பென்சீனையும் வைத்துத்தான். சைக்ளோபியூட்டேனில் என் பழக்கம் குறைவு. அதன் வளையம் மடங்கி நிமிரும் அசைவுக்கு இரண்டு பள்ளங்கள், நடுவே சுமார் 500 செ.மீ⁻¹ உயரத் தடை. அங்கே ஆற்றல் வளைவு ஒரே பள்ளமுள்ள பரவளையம் என்று நம்பும் இரண்டு முறைகளுமே போதாது. அந்த ஒரு மடிப்பு ஆயத்தை மட்டும் தனியே எடுத்து, அதன் ஆற்றல் வளைவை எண்முறையில் தீர்க்க வேண்டும். மடிப்பைத் தனி ஆயமாகப் பிரித்தெடுக்கக் கூட அக ஆயங்கள்தான் கைகொடுக்கின்றன.