மூன்று ஆண்டுகள், 14 இடக்கை உறைகள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தவணையில் எடுத்து, அவனும் பழைய இரும்பு எடுக்கக் கிளம்பிவிட்டான். "மாமா, நீங்கள் போடுகிற அந்தச் சாம்பல் நிறக் கையுறை 340 ரூபாயிலிருந்து 260-க்கு இறங்கியிருக்கிறது. இரண்டு ஜோடி வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் உள்ளே போய், ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவன் முன்னால் கொட்டினேன். 14 கையுறைகள். அத்தனையும் இடக்கைக்கானவை. பாதிக்கு மேல் புதிது போலவே இருக்கின்றன.

மூன்று ஆண்டுகளாக நான் இதே கையுறையைத்தான் போடுகிறேன். இதுவரை 19 ஜோடி வாங்கிவிட்டேன். ஆகவே, இதன் நல்லது கெட்டது இரண்டையும் பேச எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்கிய இரண்டாவது மாதம், பீளமேட்டில் ஒரு வீட்டு மாடியிலிருந்து பழைய பீரோ கதவை இறக்கிக்கொண்டிருந்தேன். திருப்பத்தில் கதவு கைநழுவியது. துருப்பிடித்த தகட்டு விளிம்பு வலது உள்ளங்கையில் குறுக்காக ஓடியது. படியில் உட்கார்ந்து பயந்துகொண்டே உறையைக் கழற்றினேன். ரப்பர் பூச்சின் மேல் ஒரு வெள்ளைக் கீறல் இருந்தது. உள்ளே நூல் அறுபடவில்லை. தோலில் சிவந்த கோடு மட்டும்தான். அதே மாதிரி ஒரு தகட்டில், வெறும் துணிக் கையுறையோடு இருந்த காலத்தில், ஏழு தையல் போட்டுக்கொண்டவன் நான். அன்றைக்கு இந்தக் கையுறை என் கையைக் காப்பாற்றியது. அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் அந்த வலது உறை ஐந்து வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. கிழிகிற இடமும் ஒன்றேதான்: கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள இடுக்கு. எங்கள் ஊரில் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். கோயம்புத்தூரில் வண்டியில் ஏறும் சரக்கில் எரிந்துபோன பம்பு மோட்டார் நிச்சயம் இருக்கும். ஸ்டேட்டரில், அதாவது மோட்டாரின் சுழலாத வெளிப்பாகத்தில், உள்ள செம்புக் கம்பியை எடுக்க, ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுற்றை உளி வைத்து வெட்ட வேண்டும். பிறகு மறுபக்கத்திலிருந்து குறடு போட்டு இழுக்க வேண்டும். இடக்கை உளியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. வலக்கைதான் சுத்தியலை வீசுகிறது, குறட்டை அழுத்துகிறது, தகரக் கத்தரியைத் திறந்து மூடுகிறது. இந்த மூன்று கருவிகளின் கைப்பிடியும் உரசுவது அந்த இடுக்கில்தான். முதலில் பூச்சு பளபளப்பாகிறது. அடுத்த வாரம் நூல் பஞ்சு போல எழும்புகிறது. ஒரு நாள் கையை விரித்தால் உள்ளே தோல் தெரிகிறது.

கொதிப்பு எங்கே வருகிறது என்றால், கையுறையின் முதுகில் அச்சிட்ட சுத்தியல் சின்னத்தைப் பார்க்கும்போது. அதன் கீழே 4542 என்று நான்கு எண்கள் இருக்கின்றன. இ.என். 388 என்ற ஐரோப்பியத் தர அளவு அது. முதல் எண் தேய்மானம், இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிசல், நான்காவது குத்து. தேய்மானத்துக்கு 4 என்பதுதான் உச்சம். 8,000 முறை உரசியும் ஓட்டை விழவில்லை என்று பொருள். பொய்யில்லை. ஆனால் சோதனைக்கு வெட்டி எடுக்கும் துண்டு உள்ளங்கைப் பகுதியிலிருந்து எடுக்கப்படுகிறது. என்னிடம் கிழிந்துபோன அத்தனை வலது உறைகளிலும் உள்ளங்கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது! பூச்சு மெலிந்து முடிகிற அந்த இடுக்கைப் பற்றி எண் எதுவும் சொல்வதில்லை. வேலை நடப்பதோ அங்கேதான்.

சரி, வலக்கை உறையை மட்டும் தனியாகக் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "ஜோடியாகத்தான் வருகிறது, அண்ணா" என்றார். அவர் மேல் தவறில்லை. இடது உறையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி வலக்கையில் போட்டும் பார்த்தேன். அளவு சரியாகப் பொருந்தியது. ஆனால் ரப்பர் உள்ளே போய், நூல் வெளியே வந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் கை வியர்த்து ஊறி, விரல் நுனிகள் சுருங்கிவிட்டன. சுத்தியல் பிடியும் வழுக்கியது. பிடி வழுக்கினால் உளி பிடித்த கைக்கு ஆபத்து. அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

கடைசியில் வழி காட்டியவர் பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவர். புது உறையில், முதல் நாளே, அந்த இடுக்கில் மெல்லிய தோல் துண்டு ஒன்றை வைத்து, சுற்றிலும் மெழுகு நூலால் தைத்துக் கொடுத்தார். 20 ரூபாய். ஐந்து வாரம் போன உறை மூன்று மாதம் வருகிறது. ஒரு பெரியவர் பத்து நிமிடத்தில் செய்து கொடுப்பதை, ஆயிரக்கணக்கில் செய்கிற ஒரு தொழிற்சாலை ஏன் செய்யவில்லை என்பதுதான் என் கேள்வி. அந்த இடுக்கைத் தடிமனாக்கி வரும் உறைகளும் விற்பனையில் இருக்கின்றன. ஆனால் நான் பார்த்தவை இரண்டு மடங்கு விலை.

இன்னொன்றையும் அக்கா மகனிடம் அழுத்திச் சொன்னேன். நான்காவது எண்ணைப் பார். இந்த உறையின் அட்டையில் 'வெட்டுக்கு 5' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். குத்துக்கு வெறும் 2. நான் கொட்டை எழுத்தை மட்டும் நம்பியவன். இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் கிடந்த தகர டப்பாக்களைச் சாக்கில் அள்ளியபோது, நடுவிரலில் சுருக்கென்றது. யாரோ போட்டுவிட்டுப் போன ஊசி, மூடி இல்லாமல். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போனேன். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், சீக்கிரம் தொடங்குவது நல்லது என்றார் மருத்துவர். 28 நாள் மாத்திரை. குமட்டலும் அசதியுமாக அந்த ஒரு மாதத்தைக் கடந்தேன். பின்னர் எடுத்த பரிசோதனைகளில் எதுவும் இல்லை என்று வந்தது. வீட்டில் அதற்குப் பிறகுதான் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம்.

குத்துச் சோதனையில் பயன்படுத்துவது நாலரை மில்லிமீட்டர் தடிமனான எஃகுக் கம்பி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அது ஆணிக்குச் சரி. ஊசி மருந்து போடுகிற முனை அதற்கு முன்னால் தலைமுடி மாதிரி. குத்துக்கு உச்சமான 4 வாங்கிய உறையையும் அது துளைத்துவிடும். ஆகவே குப்பைக் குவியலில் கையை விடாதே. கொக்கிக் கம்பியால் இழுத்துக் கொட்டிப் பரப்பிய பிறகு எடு. இதைக் கையுறை போட்டிருக்கும்போதும் மறக்காதே.

மற்றவை எல்லாம் சுருக்கம்தான். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். 11 ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லை. பித்தளை முலாம் பூசிய இரும்பை அது காட்டிக்கொடுத்துவிடும். காலணியில் விரலைக் காக்கும் இரும்புத் தொப்பி இருந்தால் போதாது, அடிப்பாகத்தில் ஆணி ஏறாத தகடும் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். கம்பியை எரித்துச் செம்பு எடுப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். அந்தப் புகையைத் துணி முகமூடி தடுக்காது. மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சுச் சின்னம் எதிலாவது கண்ணில் பட்டால் தள்ளி நின்று காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். 2010-இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட கருவி ஒன்றைப் பிரித்தபோது உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. நம்மைப் போன்ற ஒரு தொழிலாளி உயிரையே இழந்தார். அதற்கெல்லாம் கையுறை கிடையாது.

அக்கா மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் வாங்கலாமா, வேண்டாமா மாமா?" என்றான். என் உள்ளங்கையைக் காத்த உறை அது. ஆனால் அன்று காலையில்தான் 19-ஆவது ஜோடியின் வலது உறை, தோல் தைத்ததையும் மீறி, அதே இடுக்கில் விட்டுப்போயிருந்தது. கத்தரிப் பிடி உரசி அங்கே கொப்புளம். "வேண்டாம் மாப்பிள்ளை, இடுக்கு தைத்து வருவதையே இரண்டு மடங்கு கொடுத்து வாங்கு" என்றேன். 80 ரூபாய் குறைத்தவர்கள், அந்த 80 ரூபாயை வைத்துக்கொண்டு அங்கே ஒரு துண்டுத் தோலைத் தைத்திருக்கலாம்.