ஒன்ராறியோவில் ஸ்னோமொபைலும் ஏ.ரி.வி.யும் பதிவு செய்த அனுபவம்: பதிவுக் கட்டணம் மலிவு, மற்றவைதான் செலவு

குளிர்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னர், நானும் என் மைத்துனரும் பணம் சேர்த்து, லின்ட்சே பக்கம் ஒருவரிடமிருந்து பழைய ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி) ஒன்றையும் நான்கு சக்கர ஏ.ரி.வி. (கரடுமுரடான தரையிலும் ஓடும் வண்டி) ஒன்றையும் வாங்கினோம். ஸ்கார்பரோவில் கார் பதிவுசெய்து பழகிய எங்களுக்கு இவ்விரண்டும் புதிய அனுபவம். மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவின் பதிவுச் சேவையைப் பற்றி நான் எழுதும் இந்த மதிப்பீடு, இவ்வாறான வாகனத்தை முதன்முறையாக வாங்கவிருக்கும் நம்மவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில் நினைவில் வைக்க வேண்டியது ஆறு நாள் கணக்கு. வாகனம் கைமாறிய ஆறு நாட்களுக்குள் புதிய உரிமையாளர் தம் பெயரில் பதிவுசெய்ய வேண்டும். "பனி விழட்டும், பிறகு பார்க்கலாம்" என்று வாகனத்தைக் கராஜில் மூடி வைப்பவர்கள் பலர் இதை அறிவதில்லை. எங்களுக்கும் அந்த ஆறில் இரண்டு நாள் வீணாகியது. விற்றவர் எழுதித் தந்த விற்பனைப் பற்றுச்சீட்டில் இருந்த அடிச்சட்ட இலக்கமும் பழைய உரிமைப் பத்திரத்தில் இருந்த இலக்கமும் ஓரிடத்தில் பொருந்தவில்லை. கராஜில் கைவிளக்குடன் குனிந்து, கால் வைக்கும் பலகைக்கு மேலே படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துப் பார்த்தபோதுதான் விடயம் தெளிந்தது: அவர் பூச்சியத்தை ஆங்கில 'ஓ' என்று எழுதியிருந்தார். அடிச்சட்ட இலக்கம் எனப்படும் அந்தப் பதினேழு இலக்க அடையாளக் குறியீட்டில் 'ஐ', 'ஓ', 'கியூ' ஆகிய மூன்று எழுத்துகளும் ஒருபோதும் வருவதில்லை. இது தெரிந்திருந்தால் காசைக் கொடுப்பதற்கு முன்னரே, அவர் வீட்டு முற்றத்திலேயே திருத்தி வாங்கியிருப்போம். பழைய பத்திரத்தின் பின்புறத்தில் விற்பவரின் கையொப்பம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்திய பற்றுச்சீட்டுடன் சென்றபோது கருமபீடத்தில் வேலை விரைவாகவே முடிந்தது. எங்களுக்கு உதவிய பெண்மணி இரண்டு வாகனங்களுக்குமான விதிகள் ஏன் வேறுபடுகின்றன என்பதைப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஏ.ரி.வி.க்கு ஒருமுறை கட்டணம் செலுத்தி இலக்கத் தகட்டைப் பெற்றுவிட்டால் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலை இல்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பூட்டுவதைப் போலல்லாமல், இந்தத் தகட்டை வாகனத்தின் முன்புறத்தில் பூட்ட வேண்டும். ஸ்னோமொபைலுக்குத் தகடு கிடையாது. 35 டொலர் பதிவுக் கட்டணத்துடன் இலக்கம் பொறித்த ஒட்டிகள் தருகிறார்கள். அவற்றை எஞ்சின் மூடியின் இரு பக்கங்களிலும் ஒட்ட வேண்டும். அதற்கு மேல் ஆண்டுக்கு 15 டொலர் புதுப்பித்தல் கட்டணமும் உண்டு. குளிரில் வெளியே நிறுத்தி ஒட்டினால் ஒட்டிகள் ஓரம் எழும்பிவிடும் என்பதால், தலைமுடி உலர்த்தும் கருவியால் மூடியைச் சூடாக்கிய பின்னரே நாங்கள் ஒட்டினோம்.

மாகாணத்தின் வடபகுதியில் வசிப்போருக்கு இந்த ஆண்டுக் கட்டணம் இல்லை என்பதை நான் மனதார ஏற்கிறேன். டிமின்ஸிலும் தண்டர் பே சுற்றுப்புறத்திலும் ஸ்னோமொபைல் பலருக்கு விளையாட்டுப் பொருள் அல்ல, போக்குவரத்துச் சாதனம். ஆனால் 2022இல் சாதாரண கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இலக்கத் தகட்டு ஒட்டியைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மாகாண அரசு நீக்கிய பிறகும், ஆண்டில் சில வாரங்களே ஓடும் ஒரு வண்டிக்குத் தெற்கில் வசிப்பவர்கள் அதைத் தொடர்ந்து செலுத்த வேண்டியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கருமபீடத்தில் உண்மையில் கனத்தது பதிவுக் கட்டணம் அல்ல, தனியாரிடமிருந்து வாங்கும் பழைய வாகனத்துக்கும் விதிக்கப்படும் 13 வீத விற்பனை வரி. விலை பேசும்போதே அதைச் சேர்த்துக் கணக்கிடாவிட்டால் கடைசியில் கை கடிக்கும். காப்புறுதியும் அப்படியே: சொந்தக் காணிக்கு வெளியே ஓட்டுவதானால் அது கட்டாயம். கார்க் காப்புறுதியே இதற்கும் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். எங்களுக்குத் தனியாகவே எடுக்க வேண்டியிருந்தது.

பதிவு செய்துவிட்டால் எங்கும் ஓட்டலாம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பு பராமரிக்கும் தடங்களில் செல்வதற்குத் தனி அனுமதி தேவை. அதன் விலை பதிவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. இருப்பினும் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறத்தாழ 30,000 கிலோமீற்றர் நீளமான அந்தத் தடங்களைச் சமப்படுத்தும் இயந்திரங்களுக்கு இந்தப் பணமே எரிபொருள்; அந்தக் கழகங்களை நடத்துபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். பொதுத் தடங்களில் மணிக்கு 50 கிலோமீற்றர்தான் உச்ச வேகம் என்பதையும், பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளைகள் பயிற்சி பெற்று ஸ்னோமொபைலுக்குரிய தனி உரிமம் எடுத்தால் தடத்தில் ஓட்டலாம் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். என் மருமகனுக்கு அந்தப் பயிற்சியில் இப்போதே ஆசை வந்துவிட்டது.

ஏ.ரி.வி.யை வீதியில் ஓட்டுவதற்கு முன்னர், நீங்கள் செல்லும் ஊரின் நகராட்சி அதை அனுமதிக்கிறதா என்று அந்த ஊரின் துணைவிதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரூரில் அனுமதித்த வீதி அடுத்த ஊரின் எல்லையில் மறுக்கப்படலாம். இந்த விவரத்தைப் பதிவின்போதே ஒரு துண்டுத்தாளில் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். எங்களுக்கு யாரும் தரவில்லை.

தடங்களுக்கான அனுமதியை நவம்பர் முதலாம் திகதிக்குள் வாங்கினால்தான் மிகக் குறைந்த விலை. டிசம்பர் தொடக்கத்துக்குப் பிறகு முழு விலை. நாங்கள் டிசம்பர் நடுப்பகுதியில் வாங்கினோம். இந்த ஆண்டு ஒக்டோபர் மாத நாட்காட்டியில் மைத்துனர் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.