சம ஊதியம்: 1936 வழியா, 1944 வழியா?

பிரிட்டன் மக்களவையில் பெண்களின் சம ஊதியத்துக்காக இரு பெண் உறுப்பினர்கள் அரசையே தோற்கடித்தார்கள். 1936 ஏப்ரலில் லேபர் கட்சியின் எல்லன் வில்கின்சன் அரசுப் பணிப் பெண்களுக்காகக் கொண்டுவந்தது, அவையின் கருத்தைச் சொல்லும் வாசகம் மட்டுமே. 156-க்கு 148 என வென்றார். ஆனால் அதனால் சட்டம் மாறாது.

1944 மார்ச் 28-இல் கன்சர்வேடிவ் கட்சியின் தெல்மா கசலெட்-கெயர் கல்வி மசோதாவின் 82-ஆம் பிரிவிலேயே கை வைத்தார்: ஆசிரியைகளுக்கும் ஆண்களின் சம்பளம். 117-க்கு 116. ஒரே ஓட்டு! நிலைத்திருந்தால் அப்படியே சட்டமாகியிருக்கும். என் கணக்கில் இதுவே வலுவான வழி.

அதனால்தான் அடியும் பலமாக விழுந்தது. சர்ச்சில் அதை நம்பிக்கை வாக்கெடுப்பாக்கினார். சம்பளத்துக்கான ஓட்டு அரசு நீடிப்பதற்கான ஓட்டாக மாறியது. இரண்டே நாளில் 425-க்கு 23 எனத் திருத்தம் போயிற்று. 1936-இல் அன்றைய பிரதமர் பால்ட்வின் எடுத்ததும் இதே ஆயுதம்தான்.

சம ஊதியம் அரசுப் பணிப் பெண்களுக்கும் ஆசிரியைகளுக்கும் 1955 முதல் 1961 வரை படிப்படியாகத்தான் வந்தது.