கொருக்குப்பேட்டைச் சந்தும் 108-உம்: பன்னிரண்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2012-க்கும் 2024-க்கும் இடையில் எங்கள் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்குமாக ஆறு முறை 108 ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறேன். தமிழகத்தில் இந்தச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. செலவை அரசு ஏற்க, ஒப்பந்த அடிப்படையில் இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம் நடத்திவருகிறது. ஆறு முறையும் எவரும் என்னிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், இலவசம் என்பதை இன்னமும் நம்பாமல் நெஞ்சுவலிக்காரரை ஷேர் ஆட்டோவில் ஏற்றுகிறவர்கள் வடசென்னையில் எங்கள் கொருக்குப்பேட்டைப் பகுதியில் உண்டு.

வண்டியிலும் அதில் வருபவர்களிடத்திலும் எனக்குப் பெரிய குறை இல்லை. நேரம் வீணாவது வண்டி வீட்டைக் கண்டுபிடிப்பதற்கு முன்பும், மருத்துவமனை வாசலை அடைந்த பின்பும்தான்.

முதலாவதற்கு நாங்களும் பொறுப்பு. அழைப்பை எடுப்பவர் நோயாளியின் நிலை, பகுதி, அருகிலுள்ள அடையாளம் என்று வரிசையாகக் கேட்கிறார். 2012-இல் பொறுமையிழந்து "மொதல்ல வண்டிய அனுப்புங்க சார்" என்று கத்தியவன் நான். எங்கள் சந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. இரண்டில் எதைச் சொன்னாலும் வேறொரு வீட்டு வாசலில் போய் நிற்கலாம். ரேஷன் கடையும் அம்மன் கோயிலும்தான் உண்மையான முகவரி. ஆகவே ஒருவர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பெரிய சாலைக்கு ஓடிப்போய் நிற்பதும், வாசல்களை அடைத்து நிற்கும் இருசக்கர வாகனங்களை மற்றவர்கள் நகர்த்துவதும் எங்கள் தெருவில் தானாகவே வழக்கமாகிவிட்டன. இத்தகைய சந்துகளுக்காகவே 2016-இல் சென்னையில் பைக் ஆம்புலன்ஸ்கள் வந்தன. அவற்றால் முதலுதவி விரைவில் கிடைக்குமே தவிர, நோயாளியைக் கொண்டுசெல்லப் பெரிய வண்டிதான் வேண்டும். ரயில்வே கேட் மூடியிருந்தால் அந்த வண்டியும் காத்திருக்கத்தான் வேண்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் நடந்த விபத்தொன்றுக்கு 2017-இல் அழைத்தபோது இன்னொன்றைப் புரிந்துகொண்டேன். ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள்; ஆனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி, முன்னும் பின்னும் இன்னொரு லாரி நிற்கையில் எங்கே ஒதுங்கும்?

2019-இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த இரவைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. வண்டியில் வந்த இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) இளைஞர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டே, "அம்மா கடைசியா எத்தன மணிக்கு நல்லா பேசினாங்கண்ணா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் முக்கியத்துவம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது: இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அவர் கட்டுப்பாட்டு அறையிலிருந்த மருத்துவரிடம் போனில் பேசி, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே செல்வதென முடிவு செய்து, நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டார். பெயர் சொல்ல விரும்பாத அந்த மருத்துவமனையிலோ அத்தாளை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. அதே கேள்விகளுக்கு நான் முதலிலிருந்து பதில் சொன்னேன். காலி ஸ்ட்ரெச்சர் இல்லாததால் அம்மா வண்டியின் ஸ்ட்ரெச்சரிலேயே இருபத்தைந்து நிமிடம் படுத்திருந்தார். பைலட்டும் (108-இல் ஓட்டுநரை அப்படித்தான் அழைக்கிறார்கள்) அந்த இளைஞரும் வாசலில் காத்து நின்றார்கள். வடசென்னையில் எங்கோ ஒருவர் "வண்டி இன்னும் வரலையே" என்று புலம்பிக்கொண்டிருந்தால், அவருக்கு வர வேண்டிய வண்டி இதுவாகவே இருந்திருக்கக் கூடும். தாமதத்துக்கான வசவு முழுவதும் பைலட்டின் தலையில் விழுவது நியாயமில்லை.

2022-இல் அப்பாவுக்காக அழைத்தபோது வந்தவர்கள் நாடியைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையசைத்தார்கள். 108 உயிரற்ற உடலை ஏற்றாது. அதற்கு 155377 என்ற எண்ணில் தனி இலவச அமரர் ஊர்தி உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைக்கான டி.ஏ.இ.ஐ. திட்டம் வந்தபின், வருபவர்களை நிலைமையின் தீவிரத்துக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாசலிலேயே பிரிக்கிறார்கள். 2024-இல் மூச்சுத்திணறலோடு பக்கத்து வீட்டு அக்காவைக் கொண்டுசென்றபோது அதை நேரில் கண்டேன். செவிலியர் ஒருவர் இ.எம்.டி.யின் தாளை வாங்கிப் படித்து, ஆக்சிஜன் அளவை மட்டும் மறுபடி பார்த்துவிட்டு, சிவப்புப் பகுதிக்கு அனுப்பினார். நான் ஓ.பி. சீட்டு வாங்கித் திரும்பும்போது வண்டி அங்கே இல்லை. அடுத்த அழைப்புக்குக் கிளம்பிவிட்டதாகக் காவலாளி சொன்னார்.