உபுண்டு 24.04: மேற்கு மாம்பலம் கணக்கு அலுவலகத்தில் ஓராண்டு

மேற்கு மாம்பலத்தில் நான் நடத்தும் சிறிய கணக்கு அலுவலகத்தில், ரிச்சி தெருவில் வாங்கிய மூன்று பழைய மடிக்கணினிகளில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் வகை இயங்குதளம் ஓடத் தொடங்கி ஓராண்டாகிறது. வேகத்தில் குறையில்லை. ஆனால் நான் எழுத நினைத்தது அதன் கோப்பு அனுமதி முறையைப் பற்றித்தான்.

ஜிஎஸ்டி ரசீது என்று மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பை, பிடிஎஃப் சின்னத்தை நம்பி ஊழியர் ஒருவர் பழைய கணினியில் திறந்தார். பெயரின் கடைசியில் மறைந்திருந்த, அது விண்டோஸில் ஓடும் நிரல் என்று காட்டும் ‘.இஎக்ஸ்இ’ யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு ஆண்டுக் கணக்குகள் பூட்டப்பட்டுப் போயின.

லினக்ஸில் பெயரின் வாலை மட்டும் வைத்து எந்தக் கோப்பும் நிரலாக இயங்கிவிடாது. உரிமையாளர், குழு, மற்றவர் ஆகிய மூன்று தரப்புக்கும் படித்தல் (4), எழுதுதல் (2), இயக்குதல் (1) என அனுமதிகள் தனித்தனியே உண்டு; ஒவ்வொரு தரப்புக்கும் உள்ள எண்களின் கூட்டுத்தொகை ஓர் இலக்கமாக வரும். இணையத்திலிருந்து இறங்கும் கோப்போ வழக்கமாக 644 அல்லது 664 என்றே வந்து சேர்கிறது, அதாவது இயக்கும் அனுமதி உரிமையாளருக்கே கிடையாது. சென்ற மாதம் ஸ்கேனருக்கான நிறுவல் கோப்பு திறக்கவில்லை என்று ஊழியர் என்னை அழைத்தார். பண்புகள் பகுதியில் இயக்க அனுமதி தரும் பொத்தானைத் தொடுமுன் விசாரித்தபோதுதான், அதைத் தயாரிப்பாளரின் தளத்தை விட்டு ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கியிருந்தது தெரிந்தது. அழித்துவிட்டோம்.

இதை இரும்புக் கதவு என்று எண்ணிவிடக் கூடாது. டார் என்ற, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் வடிவில் வரும் கோப்பு இயக்க அனுமதியைத் தன்னோடே கொண்டுவரலாம். நிரல்வரிகளைப் படித்து இயக்கும் பைத்தானிடமோ பாஷிடமோ நேரடியாகக் கொடுத்தால், அந்த அனுமதி இல்லாத நிரல்வரிகளும் ஓடும். ஓடிவிட்டால், அந்தப் பயனர் தொடக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் தொடும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு வைத்தோம். 21.04 பதிப்பு முதல் புதிய பயனரின் கோப்புகள் இருக்கும் இல்ல அடைவு 750 அனுமதியோடு, அதாவது மற்றவருக்கு எந்த அனுமதியும் இல்லாமல், உருவாவதால், ஒருவர் கணக்கில் புகுந்தது அடுத்தவர் கோப்புகளை எளிதில் எட்டாது.

குறையும் உண்டு. எங்கள் கணக்கு மென்பொருள் இதில் நேரடியாக ஓடாததால், இணையத் தொடர்பில்லாத பழைய கணினி ஒன்று மூலையில் இன்னும் இருக்கிறது. டெப் பொதிகள் (உபுண்டுவின் நிறுவல் கோப்புகள்) நிர்வாகி உரிமையோடு நிறுவப்படுவதால் கடவுச்சொல்லை என்னிடமே வைத்திருக்கிறேன், நான் தி. நகரில் வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருக்கும் நாளில் எதுவும் நிறுவ முடியவில்லை என்று ஊழியர்கள் முணுமுணுக்கிறார்கள்.