வன்னிக்கு வந்த கடன்கள்: யாரிடம் வாங்கினால் எதைக் கொடுக்கிறோம்?

வவுனியாவில் இருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கு வருகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, நாலைந்து பேருடைய கடனைக் கடந்துதான் வருகிறார். சக்கரத்துக்குக் கீழே இருக்கிற காப்பெற் வீதி சீனக் கடன். அந்தப் பக்கம் ஓடுகிற தண்டவாளம் இந்தியக் கடன். வவுனியா–கிளிநொச்சி உயர் அழுத்த மின்கம்பி ஜப்பான் கடன். வந்து சேருகிற இடத்தில், இரணைமடுக் குளக்கட்டை உயர்த்தியது ஐ.நா.வின் விவசாய அபிவிருத்தி நிதியத்தின் கடன். அந்தக் குளத்துத் தண்ணீரை வைத்துப் போட்ட திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன்.

கடன்பொறி என்றாலே சீனா என்று ஒரு பகுதியினர் சொல்கிறார்கள். இல்லை, சர்வதேச நாணய நிதியமும் மேற்கு நாடுகளும்தான் கழுத்தைப் பிடிக்கின்றன என்று மற்றப் பகுதியினர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. வட்டி வீதத்தை மட்டும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் எதுவும் விளங்காது. ஒப்பந்தத்தை நாங்கள் வாசிக்க முடியுமா, கடனாக வந்த காசு யாருடைய கொம்பனிக்குத் திரும்பிப் போகிறது, கட்ட முடியாமல் போனால் எதைக் கேட்பார்கள் என்று பார்க்க வேண்டும். அத்தோடு, வன்னியில் இருக்கிறவன் கேட்டாக வேண்டிய ஒன்று: கையெழுத்துக்கு முன்னால் இந்த ஊர்ச் சனத்தை யாராவது கேட்டார்களா?

சீனா

எல்லோரும் எடுக்கிற உதாரணம் அம்பாந்தோட்டைத் துறைமுகம். முதல் கட்டத்துக்குச் சீன அரசின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி 2007இல் ஏறக்குறைய 307 மில்லியன் டொலர் கொடுத்தது, வட்டி 6.3 வீதம். கட்டியதும் சீன நிறுவனங்கள்தான். 2017இல் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது, 1.12 பில்லியன் டொலர் கிடைத்தது. கடனுக்குப் பதிலாகத் துறைமுகத்தை எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. கடன் அப்படியே இருந்தது. குத்தகைக் காசு வெளிநாட்டு நாணயக் கையிருப்புக்குப் போய், மற்றவர்களுக்குக் கட்ட வேண்டிய தவணைகளுக்கு உதவியது. துறைமுகமும் போய், கடனும் மிஞ்சியது. அதனால் உண்மைக் கதை வதந்தியை விட மோசம்.

சீனாவின் பிடி அடுத்து எப்படித் தெரிந்தது? 2022 ஓகஸ்டில், நாடு வங்குரோத்தாகி நாலு மாதத்தில், செய்மதிகளைக் கண்காணிக்கிற யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் அதே துறைமுகத்துக்கு வந்தது. இந்தியா எதிர்த்தது, கொழும்பு முதலில் பிற்போடச் சொன்னது, பிறகு வர விட்டது. கடன் தணிப்புக் கேட்டு நிற்கிற நாடு கடன்காரரின் கப்பலை எப்படித் தடுக்கும்? பிறகு கடன் மறுசீரமைப்பு வந்தபோது மற்ற நாடுகள் ஒரு குழுவாகப் பேசின. சீன எக்சிம் வங்கி மட்டும் தனியாகப் பேசி, 4.2 பில்லியன் டொலருக்குத் தனி உடன்பாடு செய்தது. அதன் உள் விபரம் உங்களுக்கும் எனக்கும் எட்டாது.

வன்னியில் சீனக் கடன் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீதி கெதியாக வந்தது. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டு போகிறவருக்கு அந்த வீதியின் அருமை தெரியும்.

இந்தியா

1990இல் நின்று போன யாழ்தேவி ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி ஓடியது. மன்னார்ப் பக்கம் தலைமன்னார் வரை 2015 மார்ச்சில் ஓடியது. இந்திய எக்சிம் வங்கியின் கடன், இந்திய அரசின் இர்கொன் நிறுவனத்தின் வேலை. இந்தியக் கடன் வரிகளில், அதாவது ஒரு எல்லைவரை தேவைக்கு எடுக்கிற கடன் ஏற்பாடுகளில், வழமையான நிபந்தனை, பொருளிலும் சேவையிலும் 75 வீதம் அளவுக்கு இந்தியாவில் இருந்து வாங்க வேண்டும் என்பது. ஆக இந்த விஷயத்தில் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடன் கொழும்பின் கணக்கில் ஏறுகிறது, காசு கொடுத்தவர் நாட்டுக்கே திரும்புகிறது.

வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் கட்டிய 50,000 வீடுகள் கடன் அல்ல, நன்கொடை. அந்த வீட்டில் இருக்கிற குடும்பங்கள் எங்கள் ஊர்களில் நிறைய. அதை மறைத்துவிட்டு இந்தியாவைப் பற்றிப் பேசுவது நேர்மையில்லை.

ஆனால் 2022ஐப் பாருங்கள். டொலர் தீர்ந்து நாடு மூச்சுத் திணறிய ஜனவரியில், திருகோணமலை எண்ணெய்க் குதங்களின் ஒப்பந்தம் கையெழுத்தானது. பதினான்கு குதங்கள் இந்திய எண்ணெய் நிறுவனத்திடம், 61 குதங்கள் கூட்டு நிறுவனத்திடம். அதே மாதம் 400 மில்லியன் டொலர் நாணயப் பரிமாற்றம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் எரிபொருளுக்கு 500 மில்லியன் டொலர் கடன் வரி. ஆண்டுக்கணக்கில் இழுபட்ட விவகாரம் கஷ்டகாலத்தில்தான் முடிந்தது. அந்த வருடம் இந்தியா தந்த உதவி இல்லாவிட்டால் நாங்கள் பட்டினி கிடந்திருப்போம் என்பதும் உண்மை, கேட்டது கிடைத்தது என்பதும் உண்மை.

எங்கள் கடற்கரைக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. கடன் வாங்கிய அரசு கடன் தந்த அயலவரிடம் இதை எவ்வளவு உரத்துக் கேட்கும் என்பது எனக்குப் பெரிய சந்தேகம்.

ஜப்பான்

மலிவில் ஜப்பானை அடிக்க ஆளில்லை. கொழும்பு இலகு ரயிலுக்குக் கொடுக்க முன்வந்தது 0.1 வீத வட்டி, 40 வருடத் தவணை. நிபந்தனை: முதன்மை ஒப்பந்தகாரர் ஜப்பானியர். 2020இல் அந்தத் திட்டத்தை இலங்கை தானாகவே தூக்கி எறிந்தது. ஜப்பானின் பிடி வேறு மாதிரி. மனம் நொந்தால் காசை நிறுத்தும். 2022இல் இலங்கை கடன் கட்டாமல் விட்டதும் வேலைகளை நிறுத்தி, உடன்பாடு வந்த பின் 2024 ஜூலையில்தான் திரும்பத் தொடங்கியது.

ஆசிய அபிவிருத்தி வங்கியும் இரணைமடுவும்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது எங்கள் குளம்.

ஆசிய அபிவிருத்தி வங்கி பேருக்குப் பொது வங்கி. பங்கில் ஜப்பானும் அமெரிக்காவும் முன்னணி. தலைவராக இதுவரை வந்தவர்கள் எல்லோரும் ஜப்பானியர். உலக வங்கிக்கு அமெரிக்கா தெரிவு செய்பவர், நாணய நிதியத்துக்கு ஐரோப்பியர் என்பது போல இதுவும் எழுதாத விதி.

2010இல் இந்த வங்கி யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்குக் கடன் ஒப்புக்கொண்டது. இரணைமடுவில் இருந்து நாளுக்கு 27,000 கன மீற்றர் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டு போவது திட்டம். குளக்கட்டை உயர்த்திக் கொள்ளளவைக் கூட்டினால் எல்லோருக்கும் போதும் என்று கணக்குப் போட்டார்கள். கடதாசியில் கணக்குச் சரிதான். ஆனால் வருடா வருடம் கோடை நெல் விதைப்பான சிறுபோகத்துக்குத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்துக்குப் போகிற கமக்காரருக்கு வேறு கணக்குத் தெரியும். மழை குறைந்த வருடத்தில் குளத்தில் இத்தனை அடி தண்ணீர், ஆகவே இத்தனை ஏக்கருக்குத்தான் விதைப்பு என்று அதிகாரி வாசிப்பார். பங்கு கிடைக்காதவர் காணியைச் சும்மா போட்டுவிட்டுக் கூலிக்குப் போவார். மழைக்காலக் காலபோகத்துக்கே தண்ணீர் தட்டுகிற வருடமும் உண்டு. அந்த நிலைமையில் முதல் வாய் குடிநீருக்கு என்றால், கடைசி வாய் யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தின் தேவையும் பொய்யில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையை எல்லோரும் அறிவார்கள். ஆனால் ஒரு கடன் திட்டம் இரண்டு தமிழ் மாவட்டங்களை எதிரும் புதிருமாக நிறுத்தியது. யாழ்ப்பாணத்தார் தண்ணீர் கேட்கிறார்கள், வன்னியார் மறுக்கிறார்கள் என்று பேச்சு நாறியது. கொழும்பிலோ, வங்கியின் தலைமையகம் இருக்கிற மணிலாவிலோ திட்டம் வரைந்தவர்களுக்கு அந்த நாற்றம் போய்ச் சேரவில்லை.

கமக்கார அமைப்புகள் விடவில்லை. கூட்டம் கூட்டமாகப் போய், மாகாண சபையையும் இழுத்து, வங்கிக்கும் எழுதினார்கள். கடைசியில் வங்கி திட்டத்தையே மாற்றியது. மேலதிகக் கடனோடு தாளையடியில் நாளுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. இதற்கும் விலை உண்டு: கடன் கூடியது, கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் நிறைய வேண்டும், அங்குள்ள மீனவர்களுக்கு அவர்களுடைய பயம். ஆனாலும் ஒரு வெளிநாட்டுக் கடனின் வடிவத்தை வன்னிக் கமக்காரர் மாற்றினார்கள். முடிந்ததற்கு முக்கிய காரணம், அந்த வங்கியின் ஆவணங்கள் வெளியில் கிடந்தன, முறையிடுவதற்கு ஒரு வாசல் இருந்தது. சீன எக்சிம் வங்கியிடமோ இந்திய எக்சிம் வங்கியிடமோ அப்படி ஒரு வாசலை நான் காணவில்லை.

இரும்பு வீட்டுக் கதையும் இதே வகை. 2016இல் ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தின் 65,000 இரும்பு வீடுகளை வடக்கு கிழக்குக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். கடனையும் நிறுவனமே ஒழுங்கு செய்யும் என்றார்கள். ஒரு வீடு 21 இலட்சம் ரூபாய் அளவு. அதே காலத்தில் கல்வீட்டுக்கு அரசு கொடுத்தது 8 இலட்சம். வன்னி வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் யார் படுப்பது? சனம் வேண்டாம் என்றது, திட்டம் அடங்கிப் போனது. 2018இல் சீன நிறுவனத்தின் 40,000 வீடுகள் என்ற பேச்சும் கல்வீடுதான் வேண்டும் என்ற குரலில் கவிழ்ந்தது.

பிணைமுறிகளும் நாணய நிதியமும்

இதுவரை சொன்னவர்கள் முகம் தெரிந்த கடன்காரர். 2022 ஏப்ரலில் நாடு கட்ட மாட்டேன் என்று கைவிரித்தபோது, மத்திய அரசின் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்வதேசப் பிணைமுறிகள், அதாவது வெளிநாட்டுச் சந்தையில் அரசு விற்ற கடன் பத்திரங்கள். சீனாவின் பங்கு, அரச நிறுவனங்கள் வாங்கியதைச் சேர்த்தாலும், ஐந்தில் ஒன்று அளவுதான். 2007இல் 500 மில்லியன் டொலரோடு தொடங்கி, ஒரு முறியைக் கட்ட இன்னொரு முறி என்று வாங்கிக்கொண்டே போனார்கள். இதை வன்னிப் பெண்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு நுண்கடன் கொம்பனிக்குக் கிழமைக் காசு கட்ட இன்னொரு கொம்பனியில் எடுத்து, அதற்குக் கட்ட மூன்றாவதில் எடுத்தவர்கள் எங்கள் கிராமங்களில் எத்தனையோ பேர். 2018இல் வெளிநாட்டுக் கடனையும் மனித உரிமையையும் ஆராய வந்த ஐ.நா. நிபுணர் யுவான் பப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, நுண்கடனில் சிக்கிய வடக்கு கிழக்குப் பெண்களைப் பற்றியும் எழுதினார். இரண்டு கடனும் ஒரே அறிக்கைக்குள் வந்தது தற்செயல் இல்லை.

முறிக்காரருக்குத் துறைமுகம் வேண்டாம், நியூயோர்க் நீதிமன்றம் போதும். ஹமில்டன் ரிசேர்வ் வங்கி என்ற ஒன்று 250 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட முறிகளை வைத்துக்கொண்டு 2022 ஜூனிலேயே அங்கே வழக்குப் போட்டது. மற்ற முறிக்காரரோடு 2024 டிசெம்பரில் உடன்பாடு வந்தது. எங்கள் பொருளாதாரம் கூட வளர்ந்தால் அவர்களுக்குக் கூடக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது.

இவர்கள் எல்லோருக்கும் வாசல் திறப்பவர் நாணய நிதியம். 2023 மார்ச்சில் ஒப்புக்கொண்ட தொகை ஏறக்குறைய 3 பில்லியன் டொலர், நாலு வருடத்தில், துண்டு துண்டாக. தொகை பெரிதல்ல. ஆனால் அதன் ஒப்புதல் இல்லாமல் மற்றவர் பேச மாட்டார்கள். அங்கே முக்கிய முடிவுகளுக்கு 85 வீத வாக்கு வேண்டும். அமெரிக்காவின் கையில் 16 வீதத்துக்கு மேல். அமெரிக்கா வேண்டாம் என்றால் அந்த முடிவு நிறைவேறாது.

விலை எங்கே வந்தது என்று முல்லைத்தீவில் கேளுங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்குப் போனது. நிதியத்தோடு அதிகாரிகள் மட்ட உடன்பாடு அடுத்த பத்து நாளில். சின்னப் படகுகளின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. ஒரு தரம் போய்வர 25 லீற்றர் எரிக்கிற படகுக்கு 2,175 ரூபாய்ச் செலவு 8,500 ரூபாயாக மாறியது. மீன் படாத நாளில் அந்தக் காசை யார் தருவது? மின்கட்டணம் அந்த ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதம். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியைத் தொட்டார்கள். நாணய நிதியம், உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி மூன்றும் தங்களுக்கு வர வேண்டியதில் ஒரு சதமும் குறைக்கவில்லை. அவர்களுக்கு அந்தச் சலுகை வழமை.

இந்தப் பிடியை எங்களுக்காக யாரும் இறுக்கியிருக்க முடியாதா? 2009 ஜூலை 24ஐ நான் மறக்கவில்லை. போர் முடிந்த கையோடு, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இலட்சக்கணக்கான வன்னிச் சனம். அன்றைக்கு நாணய நிதியம் இலங்கைக்கு 2.6 பில்லியன் டொலர் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவும் பிரித்தானியாவும் வேறு சில நாடுகளும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கியதோடு சரி, கடன் போனது. வட்டி வீதத்துக்கும் வரிக்கும் நிபந்தனை போடத் தெரிந்தவர்களுக்கு, முட்கம்பியைத் திறந்துவிட்டு வா என்று ஒரு நிபந்தனை போடத் தெரியவில்லை.

அதனால் என் தெரிவைக் கேட்டால்: நன்கொடை முதலில். கடன்தான் என்றால் ஆவணத்தை வெளியில் போடுகிற, முறையிட வாசல் உள்ள வங்கியிடம். நாடுகளின் எக்சிம் வங்கிகளிடம் அவசரத்துக்கு மட்டும், ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பிறகு. பிணைமுறி பக்கமே போகக் கூடாது. முறிக்காரரின் வட்டி வட்டமாகச் சுற்றி மீனவரின் மண்ணெண்ணெயில் வந்து முடிகிறது என்பதை 2022 காட்டிவிட்டது.

மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலைக்கு வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. காற்று விலகாது, அடுத்தவர் வருவார். மன்னாரில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனில் ஏற்கெனவே ஒரு காற்றாலை சுற்றுகிறது, வெள்ளம் தேங்குவதாக அந்த ஊர்ச்சனம் முறையிட்டபடி இருக்கிறது. அடுத்த ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி கையெழுத்துக்கு முன்னால் பூநகரிக் கமக்கார அமைப்பின் மேசைக்கும் மீனவர் சங்கத்தின் மேசைக்கும் வர வேண்டும். இதை இப்போதே பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்கலாம்.