கல்முனையை அடையாளம் காணும் சேவை: வகையை நம்பலாம், சான்றிதழ் வேண்டாம்

டெக்சாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில், நண்பர் குடும்பத்துக்குச் சொந்தமான உழவு நிலத்தில், அவர்களது ஒப்புதலுடன் எடுத்த ஒரு கல்முனையின் (பழங்கால மக்கள் கல்லில் செதுக்கிய ஆயுத முனை) வகையையும் காலத்தையும் அறிய, ஒளிப்படங்களைப் பார்த்து எழுத்தில் கருத்துரைக்கும் கட்டணச் சேவை ஒன்றைப் பயன்படுத்தினேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். இதே முறையில் இயங்கும் வேறு எந்தச் சேவையை எடைபோடவும் இந்தக் குறிப்புகள் பயன்படும்.

அவர்களது விண்ணப்பப் படிவமே முதலில் நம்பிக்கை தந்தது. இரு முகங்களின் படம், பக்கவாட்டுப் படம், அளவுகோலுடன் அடிப்பகுதியின் அண்மைப்படம், எடை ஆகியவற்றோடு, கோலில் செருகும் அடிப்பகுதியான காம்பின் ஓரங்கள் விரலுக்கு மழுங்கலாகப் படுகின்றனவா என்றும் கேட்கிறார்கள். மரக்கோலில் செருகி விலங்கு நரம்பால் கட்டும்போது கூரிய ஓரம் அந்த நரம்பையே அறுத்துவிடும் என்பதால், குளோவிஸ் முதலிய, வட அமெரிக்காவின் மிகப் பழைய முனை வகைகளைச் செய்தவர்கள் அடியோரத்தைத் தேய்த்து மழுக்கினார்கள். படத்தில் எளிதில் தெரியாத இந்தத் தடயத்தைக் கேட்பவர் தொழில் அறிந்தவர். நுனியும் அலகும் உடைந்தபோதெல்லாம் மீண்டும் செதுக்கிக் கூராக்கப்பட்டதால் அவற்றின் வடிவம் பெரிதும் மாறியிருக்கக்கூடும்; கட்டுக்குள் இருந்த அடிப்பகுதிதான் செய்தவரின் எண்ணத்தைப் பெரும்பாலும் காப்பாற்றி வைத்திருக்கிறது. முழு உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் ஒப்பிட்டு விடை சொல்லும் கைப்பேசிச் செயலிகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

வந்த விடை: பெடர்னாலெஸ் வகை. செவ்வகக் காம்பும், அதன் அடியில் உள்நோக்கி வளைந்த பிளவும், நடு டெக்சாஸில் உள்ள எட்வர்ட்ஸ் பீடபூமியின் செர்ட் என்ற, செதுக்க ஏற்ற கடினக் கல்லும் காரணங்களாகக் கூறப்பட்டிருந்தன. நெருங்கிய பிற வகைகள் ஏன் பொருந்தவில்லை என்பதும் இருந்தது. எடையையும் காம்பின் அகலத்தையும் கொண்டு, இது வில்லில் எய்த அம்பின் முனை அன்று, அட்லாட்டில் எனப்படும் எறிகோலால் வீசிய ஈட்டியின் முனை அல்லது கத்தி என்று விளக்கியிருந்தார்கள். அப்பகுதியில் வில் பரவியது ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்புதான் என்பதால் இந்த வேறுபாடு காலத்தையும் தொடுகிறது. ஒரு முகத்தில் இருந்த துருக்கோடு கலப்பையின் இரும்பு உரசியதால் வந்தது என்று சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் அதைக் கறை என்று எண்ணியிருந்தேன். புதிதாகச் செதுக்கிய பிரதியா என்பதைப் படத்தைக் கொண்டு மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் நேர்மையாக எழுதியிருந்தார்கள்.

காலத்தைப் பற்றிய பகுதியில்தான் எனக்கு மனக்குறை. உயிர்ப்பொருள்களின் எச்சத்தை அளக்கும் கதிரியக்கக் கரிம முறையால் கல்லின் வயதைக் கணிக்க இயலாது. கலையாத மண்ணடுக்கில் அதே வகை முனை கரியோடும் எலும்போடும் கிடைக்கும்போது, அவற்றின் வயதே முனைக்கும் உரியதாகிறது. நியூ மெக்சிகோவின் ஃபோல்சம் அருகே 1927-இல், அற்றுப்போன காட்டெருமையின் விலா எலும்புகளிடையே ஒரு முனை அசையாமல் இருந்தது, அமெரிக்காவில் மனிதரின் தொன்மை குறித்த வாதத்தையே திருப்பியது. உழவில் மேலே வந்த ஒரு முனைக்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. அதன் வகை புழங்கிய காலத்தையே நாம் கடன் வாங்குகிறோம். அந்த அளவில், ஏறத்தாழ 2,500 முதல் 4,000 ஆண்டுகள் என்ற அவர்களது முதல் விடை முறையானது. ஆனால் கூடுதல் கட்டணம் செலுத்திப் பெற்ற சான்றிதழ், புதிய ஆதாரம் ஏதுமின்றி அந்த இடைவெளியை ஒரே எண்ணாகச் சுருக்கியதோடு, மேற்பரப்பில் படிந்த வெண்படலத்தைக் காரணமாகவும் காட்டியது. ஈரம், வெயில், மண்ணின் வேதியியல் ஆகியவற்றைப் பொறுத்துப் படலம் விரைந்தோ மெதுவாகவோ உருவாகும். அதைக் கொண்டு ஆண்டுகளை எண்ண முடியாது. அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக் கல்லானால் அது உறிஞ்சிய நீரின் அடுக்கை அளக்க வழியுண்டு, அதற்கும் மண்ணின் வெப்பநிலை தெரிய வேண்டும். செர்ட்டுக்கு அந்த வழியும் இல்லை.

எனவே அடிப்படைக் கட்டணத்துக்கு இந்தச் சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். சான்றிதழை வாங்க வேண்டாம். கூட்டரசு நிலத்தில் எடுத்தவற்றைப் பார்க்க மறுப்பதும் பாராட்டத்தக்கது. எடுத்த இடத்தை எங்கேனும் பதிவு செய்யும்படி அவர்கள் ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வகம் மாநிலத் தொல்லிடங்களின் பதிவேட்டைப் பேணுகிறது என்பதை நில உரிமையாளர்களிடம் தெரிவித்திருக்கிறேன்.